பழைய ஃபோர்டுக்கு ஃபோர்ஜ்டு பிஸ்டன் எதற்கு?

அமெரிக்காவில் பழைய ஃபோர்டு எஞ்சினைப் பிரித்துப் போட்டிருப்பவருக்கு அக்கம்பக்கத்தில் கிடைக்கும் முதல் அறிவுரை, "காசைப் பார்க்காதே, ஃபோர்ஜ்டு பிஸ்டனே போடு" என்பதுதான். அச்சில் அழுத்தி அடித்துச் செய்தது வார்ப்பு பிஸ்டனைவிட வலுவானது; ஆகவே அதுவே சிறந்தது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். வலு உண்மை. முடிவு தவறு. அந்தத் தவறால் நன்றாக ஓட வேண்டிய எஞ்சின்கள் வீணாகின்றன.

பிஸ்டன் உடைவது எதனால்? மட்டுமீறிய வேகம், அழுத்தம், வெப்பம். 1928 முதல் 1931 வரை வந்த மாடல் ஏ எஞ்சினில் இவற்றில் எது இருக்கிறது? 3.3 லிட்டர் எஞ்சின், நிமிடத்துக்கு 2,200 சுற்றில் 40 குதிரைத்திறன், அழுத்த விகிதம் 4.2 சொச்சம். ஸ்ட்ரோக் 108 மி.மீ. அந்தச் சுற்றில் பிஸ்டனின் சராசரி வேகம் விநாடிக்கு 8 மீட்டர்கூட வராது. 1932-இல் ஹென்றி ஃபோர்டு ஒரே வார்ப்பாகக் கொண்டுவந்த பிளாட்ஹெட் வி8, இரண்டே ஆண்டுகளில் 3,800 சுற்றுக்கும் 85 குதிரைத்திறனுக்கும் உயர்ந்தது. அங்கும் கணக்கு 12 மீட்டரில் நின்றுவிடுகிறது. இன்றைய பந்தய எஞ்சின்கள் 20 மீட்டரைத் தாண்டி ஓடுகின்றன. அவற்றுக்கான வலுவை மாடல் ஏ என்ன செய்யும்?

பயன்படாத வலு என்றால் பணத்தோடு போயிற்று. இங்கே நஷ்டம் அதற்கு மேல். பந்தய பிஸ்டன்களுக்குப் பெரிதும் பயன்படும் 2618 அலுமினியக் கலவையில் சிலிக்கான் மிகக் குறைவு. சூடேறினால் அதிகம் விரியும். அதனால் சிலிண்டருக்கும் பிஸ்டனுக்கும் நடுவே கூடுதல் இடைவெளி விட்டாக வேண்டும். எஞ்சின் சூடாகும்வரை பிஸ்டன் சிலிண்டருக்குள் ஆடித் தட்டும், ஸ்கர்ட் தேயும், ரிங் சுவரில் சரியாகப் பதியாமல் எண்ணெய் மேலேறும். பழைய கார் எப்படி ஓடுகிறது? ஞாயிற்றுக்கிழமை வெளியே எடுத்து, சில மைல் ஓட்டிவிட்டு மறுபடி கொட்டகையில் விடுகிறார்கள். அதன் ஓட்டத்தில் கணிசமான பகுதி எஞ்சின் சூடேறுவதற்குள் முடிந்துவிடுகிறது.

சத்தம் பிடிக்காமல் இடைவெளியைக் குறைத்தால் இன்னும் மோசம். ஃபோர்டின் பிளாட்ஹெட் வி8-இல் புகை வெளியேறும் வழி பிளாக்குக்குள்ளேயே, சிலிண்டர்களை ஒட்டிச் செல்கிறது. அந்த எஞ்சின் சூடாவதற்குப் பெயர்போனது அதனால்தான். சுவர் ஒருபக்கம் கூடுதலாகக் கொதிக்கும் இடத்தில், அதிகம் விரியும் பிஸ்டனை நெருக்கிப் போட்டால் அது பிடித்துக்கொள்ளும். சிலிக்கான் அதிகமுள்ள நல்ல வார்ப்பு பிஸ்டன் நெருக்கமாகப் பொருந்தி அமைதியாக ஓடும். ஃபோர்ஜ்டுதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர், சுமார் 12 சதவீதம் சிலிக்கான் உள்ள 4032 கலவையாவது கேட்டு வாங்கலாம். சூப்பர்சார்ஜர் மாட்டி போனவில் உப்புப் பாலைவனத்தில் வேகச் சாதனைக்கு ஓடுகிறவருக்கு ஃபோர்ஜ்டு கட்டாயம் தேவை. போனவில்லில் நியாயமான அந்தத் தேவையை வீட்டுக் கொட்டகைக்கு இழுத்து வந்ததுதான் பிழை.

இந்த மோகத்தில் உண்மையாகவே முக்கியமானவை கவனிப்பாரற்றுப் போகின்றன. எடை அவற்றில் ஒன்று. மாடல் ஏ கிராங்க் மூன்றே மெயின் பேரிங்குகளில், உருக்கி ஊற்றிய ஒயிட் மெட்டலின் மேல் சுழல்கிறது. நான்கு பிஸ்டன்களும் எடையில் ஒத்துப்போகாவிட்டால் அதிர்வை வாங்குவது அந்த மென்மையான உலோகம்தான். இன்னொன்று பிஸ்டன் பின்னுக்கான துளை; அதன் உயரம் மாறினால் அழுத்த விகிதமே மாறிவிடும்.

எல்லாவற்றையும்விட வேதனை தருவது, மலிவாகக் கிடைத்ததென்று 80 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஓவர்சைஸ் பிஸ்டனை முதலில் வாங்கிவிட்டு, 30 தௌவில் சரியாகியிருக்கும் பிளாக்கை அதற்காகக் குடைவது. அமெரிக்காவில் பிளாட்ஹெட் வி8 கார்கள் 1953-ஓடு நின்றுவிட்டன. குடைந்தெடுத்த சுவர் திரும்பி வராது. சிலிண்டரின் மேலும் கீழும், குறுக்கும் நெடுக்கும் அளந்து, தேய்மானமும் கோணலும் நீங்கப் போதுமான மிகச் சிறிய ஓவர்சைஸைத் தீர்மானித்த பிறகே பிஸ்டனுக்கு ஆர்டர் கொடுக்க வேண்டும். பிஸ்டன் கைக்கு வந்து, ஒவ்வொன்றையும் அளந்த பிறகுதான், சிலிண்டர் சுவரைத் தேய்த்து இறுதி அளவுக்குக் கொண்டுவரும் கடைசி ஹோனிங்.