ஓடாமலே உடம்பு இளைக்குமா? வெயிட் தூக்கினா மட்டும் போதுமா?

அதிகாலையில் அரக்கோணத்தில் ரயில் பிடித்து, சுமார் 70 கி.மீ. தள்ளி சென்னையில் வேலை முடித்து, இரவில் வீடு திரும்புகிறவருக்கு வாக்கிங் போக நேரம் ஏது? வெயிட் தூக்கினா மட்டும் தொப்பை குறையுமா?

குறையும். ஆனா சாப்பாட்டையும் அளவாக்கினால்தான். 1 கிலோ தசை சும்மா இருக்கும்போது ஒரு நாளில் எரிப்பது சுமார் 13 கலோரி. பாதி இட்லிக்குக்கூட காணாது!

அப்போ வெயிட் எதுக்கு? சாப்பாட்டை மட்டும் குறைத்தால் கொழுப்போடு தசையும் கரையும். எடைப் பயிற்சியும், முட்டை, பயறு போன்ற புரத உணவும் தசையைக் காப்பாற்றும். எடை மெஷினில் மாற்றம் தெரியாவிட்டாலும் பேன்ட் லூசாகும். அதனால் இடுப்பை டேப் வைத்து அளப்பதே சரி.

'வெயிட் தூக்கினா உடம்பு ஊதிடும்' என்ற பயமும் வேண்டாம். வேலூர் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் நின்று, மொத்தம் 328 கிலோ தூக்கி தங்கம் வென்றார்.

கார்டியோவை அடியோடு விட்டுடலாமா? கூடாது. வாரம் 2 நாள் தசைப் பயிற்சியோடு 150 நிமிட மிதமான உடற்பயிற்சியும் தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். இளைக்க நடை கட்டாயமில்லை. இதயத்துக்கு அது வேண்டும். பைக்கை வீட்டில் விட்டுட்டு ஸ்டேஷனுக்கு வேகமாக நடந்தாலும் கணக்கில் சேரும்.