செடி தின்ற நைட்ரேட் எங்கே போகிறது?

"தொட்டியில நாலு செடி வச்சிட்டா போதும், தண்ணியே மாத்த வேணாம்!"

மீன் தொட்டி வாங்கிய எல்லோரும் யாரோ ஒருவர் வாயால் கேட்டிருக்கும் வசனம் இது. பாதி உண்மை. மீதிப் பாதியில்தான் மீன் செத்துப் போகிறது.

முதலில் அடிப்படை. மீன் தீனியில் புரதம் இருக்கிறது, புரதத்தில் நைட்ரஜன். மீன் அதைத் தின்று, பெரும்பகுதியைச் செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியே விடுகிறது. ஃபில்டரில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முதல் இரண்டும் கொடிய விஷம். நைட்ரேட் அவ்வளவு மோசமில்லை, ஆனால் சத்தமில்லாமல் சேர்ந்துகொண்டே போகும். மீன் வளர்ப்பவர்கள் பலரும் அதை 40 பிபிஎம்முக்குக் கீழே வைக்கப் பார்ப்பார்கள்.

காமர்ஸ் வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கு மீதி சுலபம். தொட்டி ஒரு கணக்குப் புத்தகம். தீனி வரவு. செடி? பலரும் அதைச் செலவுப் பக்கத்தில் எழுதிவிடுகிறார்கள். அங்கேதான் தப்பு! செடி நைட்ரஜனை அழிப்பதில்லை. இலையாக, தண்டாக மாற்றித் தன்னிடம் வைத்துக்கொள்கிறது. அதாவது டெபாசிட். இலை அழுகித் தொட்டிக்குள்ளேயே கிடந்தால் அந்த டெபாசிட் மறுபடி அம்மோனியாவாகத் தண்ணீருக்கே வந்துவிடும். வளர்ந்ததைக் கத்தரித்து வெளியே எறிந்தால்தான் அது உண்மையான செலவு.

ஆகவே எந்தச் செடி என்பது முக்கியம். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் எல்லாம் அழகு. ஆனால் மெதுவாக வளர்பவை, பெரிதாக எதையும் உறிஞ்சாது. ஹார்ன்வோர்ட், ஹைட்ரில்லா, மிதக்கும் ஆகாயத்தாமரை, வேரை மட்டும் தண்ணீரில் விட்ட மணி பிளான்ட்... இவைதான் உழைப்பாளிகள். கடைசி இரண்டுக்கும் இலை காற்றில் இருப்பதால் கார்பன் டை ஆக்சைடுக்குப் பஞ்சமே இல்லை.

அப்படியானால் தண்ணீர் மாற்றினால் மட்டும் போதுமா? அதற்கும் கணக்கு இருக்கிறது. வாரம் 10 பிபிஎம் நைட்ரேட் சேரும் தொட்டியில் வாரம் கால் பங்கு தண்ணீரை மாற்றினால், அளவு ஏறி ஏறிக் கடைசியில் 40-ல் வந்து நிற்கும். மாற்றியதும் 30, அடுத்த வாரம் மறுபடி 40. அதுவும் புதுத் தண்ணீரில் நைட்ரேட் துளியும் இல்லாவிட்டால்! இந்தியக் குடிநீர் தர அளவே லிட்டருக்கு 45 மில்லிகிராம் வரை அனுமதிக்கிறது. போர்வெல் தண்ணீரில் அவ்வளவு இருந்தால், 40 உள்ள தொட்டியில் அதை ஊற்ற ஊற்ற நைட்ரேட் குறையாது, ஏறும். பலர் தொட்டியைச் சோதிக்கிறார்கள், குழாயைச் சோதிப்பதே இல்லை.

இன்னொரு கோஷ்டி நைட்ரேட் பூஜ்யமானால் கொண்டாடுகிறது. செடி நிறைந்த தொட்டியில் பூஜ்யம் என்றால் செடி பட்டினி என்று அர்த்தமாகலாம். பழைய இலை மஞ்சளாகும், உதிரும், அழுகும். டெபாசிட் திரும்பி வரும் :-)

செடி தண்ணீர் மாற்றும் வேலைக்கு மாற்று ஆள் இல்லை, கூட்டாளி. கத்தரிக்கோல், வாளி, ஒரு டெஸ்ட் கிட், மூன்றும் வேண்டும். சோம்பேறித்தனத்துக்குச் செடியைச் சாக்காகச் சொல்லலாம். கணக்கு எப்படித் தப்பினாலும் நஷ்டம் மட்டும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்தான், வாய் திறந்து புகார் சொல்லத் தெரியாத ஒரு ஜீவனுக்கு.