குழந்தைகளின் கண்ணீர் விலைப்பொருளா?

நமது வீடுகளில் தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னே ஒரு காட்சி அடிக்கடி நடைபெற்று வருகிறது. ஏழெட்டு வயதுக் குழந்தை பாடி முடித்து நிற்கிறது. வாத்தியம் முழங்குகிறது. நடுவர் வேண்டுமென்றே வாய் திறக்கத் தாமதிக்கிறார். தோல்வி அறிவிக்கப்பட்டதும் குழந்தை விம்முகிறது. காமிரா அதன் கண்ணையும் தாயின் முகத்தையும் மாறிமாறி நெருங்குகிறது. உடனே விளம்பரம். இக்காட்சியைப் பார்த்திருக்கும் ஜனங்களில் நாமும் அடங்குவோம் என்பதை ஒப்புக்கொண்டே இவ்விஷயத்தைப் பிரஸ்தாபிக்கிறோம்.

குழந்தைகள் பாடலாகாது, ஆடலாகாது என்பது நமது கக்ஷியன்று. பால்யத்திலேயே நாடக மேடையேறிய டி.கே.எஸ். சகோதரர்களால் தமிழ் நாடகம் மேன்மையுற்றது. அக்காலப் பாய்ஸ் கம்பெனிகளிலும் கஷ்டங்கள் இல்லாமலில்லை. ஆயினும் தோற்ற பிள்ளையின் அழுகைக்கு அங்கே டிக்கெட் விற்கப்படவில்லை.

சட்டம் உறங்கிவிடவில்லை. 2016-ஆம் வருஷம் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், 14 வயது நிரம்பாதார் கலைஞராகப் பங்கு பெற இடங்கொடுத்து, பள்ளிப் படிப்புக்குப் பங்கம் நேரலாகாதென்றும் கூறிற்று. நாளொன்றுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. ஓய்வின்றி 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது. ஜில்லா மாஜிஸ்திரேட்டின் அனுமதி வேண்டும். வருமானத்தில் 20 சதவிகிதமேனும் குழந்தையின் பெயரால் பாங்கியில் போட வேண்டும் என 2017-ஆம் வருஷத்து விதிகள் வகுத்தன. பெரியவர்களுக்கென அமைந்த சினிமா நடனங்களைக் குழந்தைகளைக் கொண்டு ஆடுவிப்பதில் அடக்கம் வேண்டுமென, 2019 ஜூனில் மத்திய சர்க்கார் தனியார் சானல்களுக்கு அறிவுரை அனுப்பினர்.

இவையெல்லாம் நல்லவையே. ஆனால் விதிகள் மணியை எண்ணுகின்றன, மனத்தை எண்ணவில்லை. ஊதியமின்றிப் போட்டியிட்டு மூன்றாம் வாரமே வெளியேறும் பிள்ளைக்கு, பூஜ்யத்தில் 20 சதவிகிதம் யாது பயன் தரும்?

"குழந்தை விரும்பி வந்தது, பெற்றோர் கையொப்பமிட்டனர்" என்பர் சானல்காரர். மைனர் செய்த ஒப்பந்தம் அடியோடு செல்லாதென 1903-லேயே பிரிவி கவுன்ஸில் தீர்ப்பளித்தது. ஒரு குழி நிலத்தை ஈடுவைக்க அதிகாரமில்லாத குழந்தை, தன் மானத்தை ஈடுவைக்க மட்டும் சம்மதம் அளிக்க வல்லதோ? பெற்றோரின் சம்மதமோவெனில், அவர்கள் குழந்தையின் தர்மகர்த்தாக்களேயன்றிச் சொந்தக்காரர் அல்லர். ஜாக்கி கூகன் என்ற அமெரிக்க பாலநடிகன் சம்பாதித்த பெரும்பொருளைத் தாயும் மாற்றாந் தந்தையும் செலவழித்துவிட்டதன் விளைவாகவே, 1939-இல் காலிபோர்னியாவில் பாலநடிகர் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. குடும்பப் பாசம் ஒன்றே போதிய காவலாகாது என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

ஆதலின் நாம் கோருவன இவை: 14 வயது நிரம்பாதாரை மேடையில் நிறுத்தி வெளியேற்றும் வழக்கம் ஒழிக, முடிவு தனியே, பெற்றோர் முன்னிலையில் சொல்லப்படுக, குழந்தையின் அழுகை ஒளிபரப்பப்படாதிருக்க, பங்குபெறும் ஒவ்வொரு குழந்தைக்கும் ஊதியம் அளிக்கப்படுக, மாஜிஸ்திரேட்டுகள் வழங்கும் அனுமதிகள் பகிரங்கப்படுத்தப்படுக.

சர்க்கார் விழிக்கும்வரை நாம் காத்திருக்க வேண்டுவதில்லை. குழந்தை அழுகையில் பெட்டியை அணைப்பதற்கு எந்த மாஜிஸ்திரேட்டின் அனுமதியும் வேண்டா. பார்ப்பவர் இல்லையேல் விற்பவரும் இல்லை.