பெயர்ப் பட்டியலின் வரிசையும் திரையின் தோற்றமும்

பெங்களூரு நகரத்துத் தமிழ்ப் பள்ளி ஒன்றின் ஆசிரியர் தம் வகுப்பு மாணவியர் ஐவரின் பெயர்களைக் கணிப்பொறியில் பதிந்து, அவற்றை அகர வரிசையில் அடுக்குமாறு ஒரு சிறு நிரலைப் பணிக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். கமலா, கலா, கவிதா, கற்பகம், கனகா என்பது அவர் எதிர்பார்க்கும் வரிசை. நெடுங்கணக்கு பயின்ற எவரும் எதிர்பார்க்கும் வரிசையும் அதுவே. நிரல் தருவதோ கனகா, கமலா, கற்பகம், கலா, கவிதா என்பதாகும். இறுதியில் நிற்க வேண்டிய கனகா முதலில் வந்து நிற்கிறாள்.

ஐந்து பெயர்களில் இது நகைப்புக்குரிய சிறு பிழை. உதவித்தொகை பெறுவோர் பட்டியல் நாற்பது பக்கங்களில் அச்சாகி அலுவலகச் சுவரில் ஒட்டப்படும்போது அவ்வாறு இராது. கனகாவின் தாய் ககர வரிசையின் கடைப்பகுதியைப் பார்ப்பாள். மகளின் பெயர் அங்கே இல்லை. மேசைக்குப் பின் அமர்ந்திருக்கும் எழுத்தரும் அங்கேயே பார்த்துவிட்டு, "பெயர் இல்லை அம்மா, அடுத்த மாதம் வாருங்கள்" என்று கூறி அனுப்பிவிடுவார். பெயர் மூன்று பக்கம் முன்னால் இருக்கிறது. அதை அங்கே தேடவேண்டும் என்று எவருக்கும் தோன்றுவதில்லை.

இப்பிழையின் காரணம் எளிது. இயந்திரம் எழுத்தைப் படிப்பதில்லை. எழுத்துக்குக் கொடுக்கப்பட்ட எண்ணையே ஒப்பிடுகிறது. உலகெங்கும் வழங்கும் யூனிகோட் முறையில் னகரத்தின் எண் 2985, மகரம் 2990, றகரம் 2993, லகரம் 2994, வகரம் 2997. எண் சிறியது முன்னே செல்லும். ஆகவே மெய்களின் வரிசையில் ஈற்றெழுத்தாகிய னகரம் பகரத்தையும் மகரத்தையும் முந்திவிடுகிறது. புள்ளிக்கு உரிய எண் 3021. அது உயிர்க்குறிகள் எல்லாவற்றினும் பெரியது. அகராதி மரபில் 'பக்கிரி' முன்னும் 'பகவதி' பின்னும் வரவேண்டியிருக்க, இயந்திரம் அதனைத் தலைகீழாக்குகிறது. ஆய்த எழுத்தின் எண் 2947, அகரத்தின் எண் 2949. இதனால் ஃபாத்திமா என்னும் பெயருடைய குழந்தை அப்துல், அமுதா ஆகியோர்க்கும் முன்பாகப் பட்டியலின் தலைப்பில் ஏறிவிடுகிறாள். பன்னிரண்டு உயிர்களுக்குப் பின், ககரத்துக்கு முன் என்பதே ஆய்தத்தின் இடமாகும்.

எண்களை இவ்வாறு அமைத்தவர் தமிழ் அறியாதவர் என்று சினங்கொள்வது எளிது, ஆனால் நியாயமன்று. இந்திய மொழிகள் பலவற்றிற்கும் பொதுவாக 'இஸ்கி' என்னும் குறியீட்டு முறை வகுக்கப்பட்டது. இந்தியத் தர நிறுவனம் அதனை 1991-இல் ஐ.எஸ். 13194 என்ற எண்ணுடன் தரமாக வெளியிட்டது. ஒரே ஒலிக்கு எல்லா மொழியிலும் ஒரே இடம் என்பது அதன் நோக்கம். தேவநாகரியில் நகரத்தை அடுத்து னகரத்துக்கும், ரகரத்தை அடுத்து றகரத்துக்கும், லகரத்தை அடுத்து ளகர ழகரங்களுக்கும் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. அதே இடங்கள் தமிழுக்கும் வந்தன. இஸ்கியின் 1988-ஆம் ஆண்டு வடிவத்தை ஆதாரமாகக் கொண்டே யூனிகோடின் இந்திய மொழிப் பகுதிகள் அமைந்தன. இது மொழிகளிடையே எழுத்துப்பெயர்ப்புக்கு உதவிய ஏற்பாடு. எழுத்தின் எண் அதன் வீட்டு எண் போன்றது. பந்தியில் யார் முதலில் அமர்வது என்பதை வீட்டு எண்ணைக் கொண்டு தீர்மானிப்போர் இல்லை.

கன்னடத்துக்கும் இதே துன்பம் உண்டு. கன்னட வருணமாலையில் ளகரம் ஹகரத்துக்கும் பின்னால், இறுதியில் நிற்பது. எண் வரிசையிலோ அது லகரத்தை ஒட்டி, வகரத்துக்கும் முன்னே நிற்கிறது. பெங்களூரு என்னும் பெயரிலேயே அந்த ளகரம் இருக்கிறது! மென்பொருள் தொழிலுக்குப் பெயர்பெற்ற நகரத்தின் பெயரையே அந்நகரத்து மொழியின் முறைப்படி அடுக்க, இயந்திரத்துக்குத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

சொல்லிக்கொடுக்கும் வழி இல்லாமலில்லை. அது பல ஆண்டுகளாக ஆயத்தமாக இருக்கிறது. எழுத்துக்களின் எண் வேறு, அடுக்கும் விதி வேறு என்று யூனிகோட் அமைப்பே பிரித்து வைத்து, மொழிதோறும் அடுக்கும் விதிகளைச் 'சி.எல்.டி.ஆர்.' என்னும் பொதுக் களஞ்சியத்தில் சேர்த்து வெளியிடுகிறது. தமிழுக்கும் கன்னடத்துக்கும் அதில் விதிகள் உள்ளன. ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் வெறும் 'சார்ட்' கட்டளை எண்ணையே பார்க்கும். 'இன்டல் கொலேட்டர்' என்னும் கருவியிடம் 'டி', 'ஏ' என்ற ஈரெழுத்துத் தமிழ்க் குறியைக் கொடுத்தால் கனகா தன் இடத்துக்குத் திரும்புவாள். பைத்தானிலும் 'ஐ.சி.யு.' என்னும் நூலகத்தின் துணையால் இது சாத்தியமே. தமிழ்நாட்டு அரசு 2010-இல் யூனிகோடுடன் 'டேஸ்-16' என்னும் முறையையும் தரமாக ஏற்றது. அதில் உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி எண் இருப்பதால் வரிசை இயல்பாகவே அமையும். எனினும் கைபேசிகளிலும் அலுவலகங்களிலும் குவிந்து கிடக்கும் தரவு யூனிகோடில் இருப்பதாலும், அதற்கு ஒரே ஒரு வரி திருத்தம் போதுமாகையாலும், இப்போதைக்குக் கைகொடுப்பது அடுக்கும் விதியே.

அவ்வாறாயின் பிழையான பட்டியல்கள் இன்றும் வெளிவருவது ஏன்? திருத்தத் தெரிந்தவருக்குப் பிழை தெரிவதில்லை. பிழை தெரிந்தவர் அதனைத் திருத்தக்கூடியது என்று எண்ணுவதில்லை. நிரல் எழுதும் இளைஞர் மராத்தியோ, வங்காளமோ, தெலுங்கோ பேசுபவராக இருக்கலாம். தமிழராயினும் நெடுங்கணக்கின் கடைசி நான்கு எழுத்துக்களை வரிசையாகச் சொல்லத் தயங்குபவராக இருக்கலாம். அவர் கண்ணுக்குப் பட்டியல் ஏதோ ஒரு வரிசையில் இருக்கிறது, அது போதும். ஆசிரியரோ, 'கணிப்பொறி அப்படித்தான் தரும்' என்று அமைதியடைந்து, பெயர்களுக்கு முன்னால் எண்களை இட்டும், இடைவெளிகளைத் தட்டியும், தாம் வேண்டும் வரிசையைக் கையாலேயே ஆக்கிக்கொள்கிறார்.

இக்கைவேலைதான் உண்மையான கேட்டை விளைவிப்பது. திரையில் தெரியும் தோற்றத்தைச் சரிசெய்யப் புகுந்து, உள்ளே இருக்கும் தரவைச் சிதைத்துவிடும் பழக்கம் அலுவலகங்களில் மிகுதி. ஆங்கிலத்துக்கென வரைந்த பொத்தானில் 'சேமிக்கவும்' என்னும் சொல் அடங்குவதில்லை. பெயர்க் கட்டத்தில் நீண்ட பெயர் வெட்டுண்டு போகிறது. வரி உயரம் குறைவாக இருப்பதால் மேல்விலங்குகள் அறுபடுகின்றன. உடனே பெயரைச் சுருக்குகிறார்கள், நடுவில் இடைவெளி விட்டு உடைக்கிறார்கள். அன்று திரை அழகாகிறது. மறுநாள் அப்பெயரைத் தேடினால் கிடைப்பதில்லை.

இணையப் பக்கங்களின் தோற்றத்தை வகுக்கும் 'சி.எஸ்.எஸ்.' என்னும் முறையின் வரலாறு இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது. செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய ஹோகன் வியம் லீ அதனை 1994-இல் முன்மொழிந்தார். 1996 டிசம்பரில் அது தரமாக ஏற்கப்பட்டது. பொருள் ஓரிடத்தில் இருக்க, அதன் நிறம், அளவு, இடைவெளி ஆகியவை வேறோரிடத்தில் இருக்கவேண்டும் என்பதே அதன் அடிப்படை. கட்டம் சிறியதாயின் கட்டத்தைப் பெரிதாக்கச் சொல்லவேண்டும். வரி உயரத்தைக் கூட்டச் சொல்லவேண்டும். நீண்ட சொல் அடுத்த வரிக்கு மடங்குமாறு செய்யச் சொல்லவேண்டும். இவை யாவும் தோற்றத் தாளில் ஓரிரு வரிகளில் முடியும் வேலைகள். பெயரின் எழுத்தில் கைவைக்க எவருக்கும் அவசியமில்லை.

கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றி உள்ளே வேறாக இருப்பதன் கொடுமை 'கௌரி' என்னும் பெயரில் நன்கு விளங்கும். ஔகாரக் குறியை இட்டு எழுதுவது ஒரு முறை. 'கெ' எழுதி அதன் அருகில் ளகரத்தைத் தட்டிக் 'கெளரி' என்று அமைப்பது மற்றொன்று. அச்சில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. இயந்திரத்துக்கோ முன்னது இரண்டெழுத்துப் பெயர், பின்னது மூன்றெழுத்துப் பெயர். ஒன்று கோகாரத்துக்குப் பின்னும் மற்றொன்று கெகர வரிசையிலும் போய் அமரும். எந்த அடுக்கு விதியும் இதனைத் திருத்தாது. ஏனெனில் விதியின் பார்வையில் இவை இரு வேறு சொற்கள். 'ஔவை' என்பதை 'ஒளவை' என்று தட்டுவதும் இவ்வகைப் பிழையே. இதனைக் காணக்கூடியவர் எழுத்தறிந்த ஆசிரியர் ஒருவரே. பதியும்போதே இதனைத் தடுப்பது பின்னர் ஆயிரம் பெயர்களைச் சல்லடையிட்டுத் தேடுவதைவிட எளிது.

உதவி கேட்கும் முறையைப் பற்றியும் ஒரு சொல். "தமிழ் சரியாக வரவில்லை" என்ற ஒற்றை வாக்கியத்துடன் திரையின் புகைப்படத்தை அனுப்புவது இன்று வழக்கமாகிவிட்டது. அதிலிருந்து கேட்கப்படுபவர் எழுத்துருக் கோளாறா, வரிசைக் கோளாறா என்று ஊகிக்க வேண்டியிருக்கிறது. படத்தில் உள்ள எழுத்தை எடுத்துச் சோதிக்கவும் இயலாது. அதற்குப் பதிலாக, மேலே கண்டவை போன்ற ஐந்தாறு பெயர்களை எழுத்தாகவே தட்டி, எதிர்பார்த்த வரிசை இது, கிடைத்த வரிசை இது என்று இரு வரிகளில் எழுதினால், தமிழே அறியாத நிரலாளரும் சில நிமிடங்களில் காரணத்தைக் காண்பார். மாணவர்களின் உண்மையான பட்டியலை அனுப்பவேண்டுவதில்லை, அனுப்பவும் கூடாது. செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் நிரல் கேட்டுப் பெறுவோருக்கும் இந்த ஐந்து பெயர்களே உரைகல். விடை எவ்வளவு நயமாக எழுதப்பட்டிருப்பினும், கனகா முதலில் வந்தால் அந்நிரல் ஆகாது.

களப் பணியாளர்க்கு இதே பாடம் எண்களில் வரும். எண்ணை எழுத்தாகப் பதிந்துவிட்டால் 10 என்பது 2-க்கு முன்னே போகும். 112 என்பது 12-க்கு முன்னே போகும். நாள், மாதம், ஆண்டு என்று எழுதிய தேதிகளை அப்படியே அடுக்கினால் எல்லா மாதங்களின் முதல் தேதிகளும் ஓரிடத்தில் கூடிவிடும். ஆண்டை முதலில் எழுதுவோருக்கு அத்தொல்லை இல்லை. கர்நாடக அரசின் 'பூமி' நிலப்பதிவுத் திட்டத்தில் ஒரு நிலத்தின் விவரத்தை எடுக்க மாவட்டம், தாலுகா, ஹோபளி, கிராமம், சர்வே எண் என்று இறங்கிச் செல்கிறார்கள். உழவரின் பெயர் எவ்வாறு எழுதப்பட்டிருந்தாலும் நிலம் கிடைத்துவிடும். பெரும் பதிவேட்டுக்கு இது தக்க ஏற்பாடு. ஆனால் கிராமச் சாவடியில் ஒட்டும் பட்டியலை மக்கள் எண்ணைக் கொண்டு படிப்பதில்லை, பெயரைக் கொண்டே படிக்கிறார்கள். அங்கே பெயரின் வரிசைக்கு மாற்று இல்லை.

இலாகாக்கள் மென்பொருள் வாங்கும்போது 'தமிழில் இயங்கவேண்டும்' என்று மட்டும் ஒப்பந்தத்தில் எழுதுவது போதாது. எந்த வரிசையில் அடுக்கவேண்டும் என்பதை மாதிரிப் பெயர்களுடன் இணைப்பாகச் சேர்த்து, அம்மாதிரி தேறினாலொழியப் பணம் இல்லை என்று எழுதுவதே முறை. அவ்விணைப்பை வரையும்போது தீர்க்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. ஜகரம், ஸகரம், ஹகரம் முதலிய வடவெழுத்துக்களை னகரத்துக்குப் பின், இறுதியில் வைப்பது பொதுக் களஞ்சியத்தின் விதி. ஜகரத்தைச் சகரத்தின் அருகிலேயே தேடிப் பழகியவர்களும் பலர். ஜெயந்தியும் ஹரியும் எங்கே நிற்பார்கள் என்பதை நிரலாளரின் ஊகத்துக்கு விடாமல், பட்டியலைப் படிக்கப்போகும் ஊராரின் வழக்கத்தை அறிந்த ஆசிரியர் முன்னதாகவே எழுதிக் கொடுக்கவேண்டும்.