காய்ச்சல் தணிந்த பின்னர்



1998-99ஆம் ஆண்டுகளில் நம் நாட்டைக் கலங்கடித்த நிப்பா கிருமியை மறந்திருக்கமாட்டீர்கள். நெகிரி செம்பிலானின் சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரைத் தாங்கிய அக்கிருமி, பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தோரைப் பெரிதும் தாக்கியது. மூளைக்காய்ச்சலால் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

பிழைத்தவர்களின் நிலையை நாம் அதிகம் பேசுவதில்லை. குணமடைந்து வீடு திரும்பியோருள் சிலருக்கு மாதங்கள், ஆண்டுகள் கழித்து மூளைக்காய்ச்சல் மீண்டும் வந்தது. வேறு சிலருக்கு மறதியும் மனச்சோர்வும் நீடித்தன.

இதில் நமக்கொரு பாடம் உண்டு. எந்தக் கிருமியால் மூளைக்காய்ச்சல் வந்திருந்தாலும், காய்ச்சல் தணிந்ததோடு கவனிப்பு முடிந்துவிடாது. கோலசிலாங்கூர்த் தோட்டப்புறங்களில், பிள்ளையைப் பின்தங்கிய மாணவனாக ஒதுக்கிவிடுவார்களோ என்றஞ்சி நோயை மறைக்கும் பெற்றோர் உள்ளனர். மறைத்தால், மறதியைச் சோம்பல் என்றே ஆசிரியர் கருதுவார், தண்டனையும் பிள்ளைக்கே.

ஆகவே பெற்றோர்களே, வகுப்பாசிரியரிடம் உண்மையைக் கூறுங்கள். ஆசிரியர்களே, கையெழுத்து, நினைவாற்றல், நடத்தை ஆகியவற்றில் மாற்றம் கண்டால் குறித்துவைத்துப் பெற்றோரிடம் தெரிவியுங்கள். வலிப்போ குழப்பமோ தோன்றினால் தாமதியாமல் மருத்துவமனைக்கு அனுப்புங்கள். பிள்ளையைக் கடிந்துகொள்ளுமுன், அவன் அண்மையில் நோயுற்றிருந்தானா என்று கேட்பதே நம் முதற்கடமை.