ஜெலிபி அம்மையாரும் கண்டிக் கோப்பியும்

“மனித இயல்பு மாறாதது, அன்பு ஒன்றே அதனை உயர்த்தும். டிக்கன்ஸ் காட்டிய இந்த வழி போதும்; இலக்கியத்துக்கு வேறு கொள்கை எதற்கு?” கண்டியில் நடந்த இலக்கியக் கூட்டமொன்றில் நண்பர் ஒருவர் இவ்வாறு முழங்கினார். கைதட்டலும் பெற்றார். கைதட்டாதவருள் நானும் ஒருவன். காரணம் சொல்வது என் கடன்.

சார்ள்ஸ் டிக்கன்ஸைப் பழிப்பது என் நோக்கமன்று. பன்னிரண்டு வயதிலேயே சப்பாத்து மைத் தொழிற்சாலையில் உழைத்தவர் அவர். ஏழைச் சிறுவனின் கண்ணீரை ஆங்கில நாவலின் நடுக்கூடத்துக்குக் கொண்டுவந்தவர். ஆயினும் அவருடைய அன்புக்கு ஓர் எல்லைக்கல் உண்டு.

1852-53இல் வெளிவந்த ‘பிளீக் ஹவுஸ்’ நாவலில் ஜெலிபி அம்மையார் என்றொரு பாத்திரம். ஆபிரிக்காவின் நைகர் நதிக்கரையில் கோப்பி பயிரிடவும், அங்குள்ளோருக்குக் கல்வி புகட்டவும் ஓயாது கடிதம் எழுதுகிறார். அவர் பெற்ற குழந்தைகளோ அழுக்கும் காயமுமாய்த் திரிகின்றன. தூரத்து மக்கள்மீது காட்டும் அன்பு போலி. அருகிலிருப்பவனை நேசி என்பதே ஆசிரியரின் தீர்ப்பு.

கண்டியிலிருந்து வாசிப்பவனுக்கு இந்த இடத்தில் சிரிப்பு பாதியில் நின்றுவிடும். அந்நாளில் இங்கிலாந்துக்குக் கோப்பி அனுப்பியவை நம் மலைகள். அதனைப் பயிரிட, தமிழகத்திலிருந்து வந்து மன்னாரில் கரையேறி, காடு கடந்து, மாத்தளை வழியே கண்டிச் சீமைக்கு நடந்தவர்கள் ஆயிரக்கணக்கில் கொலராவுக்கும் காய்ச்சலுக்கும் இரையாயினர். டிக்கன்ஸ் நடத்திய ‘ஹவுஸ்ஹோல்ட் வேர்ட்ஸ்’ இதழிலேயே இலங்கைக் கோப்பிச் செய்கை பற்றிக் கட்டுரை வந்தது. கோப்பி கடல் கடந்து வரலாம்; அன்பு மட்டும் கடல் கடக்கலாகாதா?

வேலிக்கு வெளியே என்ன முளைத்தது என்பதையும் பார்ப்போம். 1857இல் இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தபோது, தாம் படைத்தளபதியானால் அந்த இனத்தையே அழித்தொழிக்க முயல்வேன் என்று கடிதம் எழுதினார் இந்த அன்பின் கலைஞர். 1865இல் ஜமேக்காவின் கறுப்பு மக்கள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டனர். அப்போது ஆளுநர் அயரின் பக்கம் நின்றார். “அந்தக் காலம் அப்படி” என்பீர்களா? அதே காலத்து மில்லும் டார்வினும் அந்த ஆளுநரை நீதிமன்றில் நிறுத்த முனைந்தவர்கள் அல்லரோ?

நம் வீட்டிலும் இந்த எல்லைக்கல் உண்டு. 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்கள் மலையகத் தமிழரின் பிரஜாவுரிமையையும் வாக்குரிமையையும் பறித்தன. அவற்றை ஆதரித்தோருள் தமிழ்ப் பிரதிநிதிகளும் இருந்தனர். அவர்களும் தத்தம் அயலாரை நேசித்தவர்களே! நாடற்றவராய் எஞ்சியோர் 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருந்தனர்.

இன்றும் தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி படிப்பை இடையில் விட்டால், “அவர்களின் இயல்பே அப்படி” என்று ஆசிரியர் அறையில் ஒரு குரல் எழுகிறது. அவளுடைய லயத்து அறையை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. மாறாத மனித இயல்பு என்னும் தத்துவம் இங்கே செய்யும் வேலை இதுதான்.

டிக்கன்ஸைப் படிப்பிப்போம், அவருடைய எல்லைக்கல்லையும் சேர்த்தே படிப்பிப்போம். நம் கோப்பையை நிரப்பும் கை எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ, நம் அன்பும் அவ்வளவு தூரம் நடந்தாக வேண்டும். அதற்குக் குறைந்தது அன்பன்று. குடும்பப் பாசம் மட்டுமே.