வாய்ப் புற்றுநோய் ரத்த டெஸ்ட்டில் தெரியுமா? 'புரோட்டீன் மார்க்கர்' சொல்வது என்ன?

'கேன்சர் மார்க்கரும் சேர்த்து' என்ற வரியோடு வரும் முழு உடல் பரிசோதனை பேக்கேஜ் விளம்பரங்களை நீங்களும் போனில் பார்த்திருப்பீர்கள். புகையிலை போடும் அப்பாவுக்கோ, பான் மசாலா பழகிவிட்ட தம்பிக்கோ ஒரு ரத்த டெஸ்ட் எடுத்து, 'எல்லாம் நார்மல்' என்று ரிப்போர்ட் வந்துவிட்டால் நிம்மதிதானே என்று தோன்றும்.

சிக்கலே இங்கேதான். அந்த பேக்கேஜ்களில் வழக்கமாக இருக்கும் சிஇஏ, சிஏ 19-9, ஏஎஃப்பி, பிஎஸ்ஏ எல்லாம் குடல், கணையம், கல்லீரல், புரோஸ்டேட் தொடர்பானவை. வாய்ப் புற்றுநோய் இருக்கிறதா, இல்லையா என்று இவற்றில் ஒன்றுகூட சொல்லாது.

இந்திய ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோயே இதுதான். ஐஏஆர்சி என்ற சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகமையின் மதிப்பீட்டின்படி, 2022-ல் மட்டும் இந்தியாவில் சுமார் 1.43 லட்சம் பேருக்குப் புதிதாக வந்திருக்கிறது. உயிரிழந்தவர்கள் சுமார் 80 ஆயிரம் பேர்.

அப்போ புரோட்டீன் மார்க்கர் என்பது சும்மாவா?

சும்மா இல்லை. பார்க்க வேண்டிய இடம் வேறு. வாயில் சந்தேகமான புண் இருந்தால் டாக்டர் அதிலிருந்து சின்னத் துண்டு ஒன்றை எடுப்பார். இதுதான் பயாப்ஸி. புற்றுநோய்தானா என்பதை முதலில் முடிவு செய்வது, அந்தத் துண்டை மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் நோயியல் நிபுணரின் கண். தேவைப்பட்டால் மட்டும், குறிப்பிட்ட ஒரு புரோட்டீனைத் தேடிப்போய் ஒட்டும் ஆன்டிபாடியைப் போட்டு நிறம் ஏற்றுவார்கள். அந்த புரோட்டீன் இருக்கும் இடம் பழுப்பாகத் தெரியும்.

இதில் அதிகம் பேசப்படுவது பி53. நம் செல்லுக்குள் இருக்கும் காவலாளி என்று வைத்துக்கொள்ளுங்கள். டிஎன்ஏ சேதமானால் 'பெருகாதே, நில்' என்று செல்லைத் தடுப்பது இதன் வேலை. சரிசெய்ய முடியாத சேதம் என்றால் செல்லையே சாகடித்துவிடும். ஆரோக்கியமான செல்லில் பி53 உருவான வேகத்திலேயே அழிந்துவிடுவதால் நிறம் லேசாகத்தான் ஏறும். புகையிலையின் ரசாயனங்களால் இதற்கான மரபணு பழுதானால், பழுதான புரோட்டீன் அழியாமல் குவியும், நிறம் அடர்த்தியாகும். சில வகை பழுதில் புரோட்டீனே உருவாகாது, அப்போது நிறம் துளியும் இருக்காது. ஆக, ரொம்ப அதிகம் என்றாலும் ஆபத்து, அடியோடு இல்லை என்றாலும் ஆபத்து. ரிப்போர்ட்டில் 'நெகட்டிவ்' என்று பார்த்துவிட்டு நாமே சந்தோஷப்படக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

புகையிலையை அடக்கிவைக்கும் கன்னத்தின் உள்பக்கம், ஈறு ஆகிய இடங்களில் வரும் கட்டிகளை இந்திய விஞ்ஞானிகள் ஆராய்ந்து 2013-ல் வெளியிட்ட மரபணு ஆய்விலும், அடிக்கடி பழுதாகியிருந்த மரபணுக்களில் பி53-க்கான மரபணு இருந்தது.

கேஐ-67 என்பது செல்கள் எவ்வளவு மும்முரமாகப் பெருகுகின்றன என்று காட்டும். இ-கேட்ஹெரின், செங்கற்களுக்கு இடையே இருக்கும் சிமென்ட் மாதிரி செல்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும். அது குறைந்தால் செல்கள் கழன்று பக்கத்துத் திசுவுக்குள் நுழைவது சுலபமாகிவிடும்.

பி16: கூகுள் செய்தால் குழப்பும்

பி16 பாசிட்டிவ் என்றால் நல்லது என்று நெட்டில் படித்திருக்கலாம். அது தொண்டையின் மேல்பகுதி, டான்சில் பகுதியில் எச்பிவி வைரஸால் வரும் புற்றுநோய்க்கான கணக்கு. நாக்கு, கன்னம், ஈறு ஆகியவற்றில் வரும் புற்றுநோய்க்கு அதை அப்படியே பொருத்த முடியாது.

சிகிச்சையை நேரடியாக மாற்றும் மார்க்கர் பிடி-எல்1. நோய் எதிர்ப்பு செல்கள் தாக்காமல் இருக்க, கட்டி போட்டுக்கொள்ளும் முகமூடி என்று சொல்லலாம். இது இருந்தால் பெம்ப்ரோலிசுமாப் போன்ற இம்யூனோதெரபி மருந்துகள் பலன் தரும் வாய்ப்பு கூடுதல். விலைதான் தலைசுற்ற வைக்கும். இதே குடும்பத்து மருந்தான நிவோலுமாப்பை மும்பை டாடா மெமோரியல் மருத்துவர்கள், வழக்கமான 240 மில்லிகிராமுக்குப் பதில் 3 வாரத்துக்கு ஒருமுறை வெறும் 20 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள். குணப்படுத்தும் கட்டத்தைத் தாண்டிய தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளில் ஓராண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் 16.3 சதவீதத்திலிருந்து 43.4 சதவீதமாக உயர்ந்தார்கள்.

எச்சில் டெஸ்ட் வந்துவிட்டதா?

இன்டர்லூகின்-8 போன்ற புரோட்டீன்கள் வாய்ப் புற்றுநோயாளிகளின் எச்சிலில் அதிகம் இருப்பது உண்மை. ஆனால், ஈறு வீங்கி ரத்தம் கசிந்தாலும் அது கூடும். ஒரு கணக்குப் போடுவோம். 1,000 பேரில் 2 பேருக்கு நோய் இருக்கிறது. டெஸ்ட் 90 சதவீதம் சரியாகச் சொல்லும் என வைத்துக்கொள்வோம். அந்த இருவரைப் பிடிக்கும் அதே டெஸ்ட், நோயே இல்லாத சுமார் 100 பேரையும் பயமுறுத்திவிடும். எச்சில் டெஸ்ட் இன்னும் பயாப்ஸியின் இடத்துக்கு வராததற்கு இது ஒரு முக்கிய காரணம்.

உயிரைக் காப்பாற்றும் என்று பெரிய ஆய்வில் நிரூபணமானது ரொம்ப சாதாரணமான விஷயம். திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-ல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள், அவ்வளவுதான். 2005-ல் வெளியான முடிவின்படி, புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடம் வாய்ப் புற்றுநோய் மரணம் 34 சதவீதம் குறைந்தது.

பேக்கேஜுக்குப் பணம் கட்டும் முன் கண்ணாடி முன்னால் நின்று, டார்ச் அடித்துப் பாருங்கள். 2 வாரத்துக்கு மேல் ஆறாத புண், சுரண்டினாலும் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாயை முழுசாகத் திறக்க முடியாத நிலை, கழுத்தில் கட்டி. இதில் எது இருந்தாலும் பல் டாக்டரையோ காது-மூக்கு-தொண்டை டாக்டரையோ பார்க்க வேண்டும். வலி இல்லையே என்று தள்ளிப்போட வேண்டாம், ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது.